‘டூட்டி ஏறிவிட்டது’ என்று சைக்கிள் கடையில் சொன்னால்

பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கு வாங்கிய கியர் சைக்கிளை என்னிடம் காட்டியபோது, கைப்பிடியில் தொங்கிய விலைச் சீட்டின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் உரித்துப் பார்த்தால், அடியில் இருந்த விலை 1,500 ரூபாய் குறைவு. “இம்போர்ட் டூட்டி (இறக்குமதிச் சுங்க வரி) ஏறிடுச்சும்மா” என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தச் சைக்கிளோ நம் நாட்டிலேயே, பஞ்சாபின் லூதியானாவில் செய்தது. இப்படி ஏமாந்தவர்களைப் பலமுறை பார்த்துவிட்ட காரணத்தால்தான் இதை எழுதுகிறேன்.

இறக்குமதிச் சைக்கிளுக்கான வரி விகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் சைக்கிள் சுங்கப் பட்டியலில் 8712 என்ற தலைப்பில் (பொருளை வகைப்படுத்தும் எண்) வருகிறது. 2023 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது. ஆனால் அதன் மேல் இருந்த சமூக நல மேல்வரி நீங்கியதால், உண்மையில் ஏறியது 33-லிருந்து 35-க்கு, அதாவது இரண்டே புள்ளிகள். 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 20 சதவீதமாகக் குறைந்தது என்ற செய்தியைப் படித்து விலை இறங்கும் என்று காத்திருந்தவர்கள் பலர். அதே நாளில் 15 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரி சேர்க்கப்பட்டதால் மொத்தச் சுமை 35-ஆகவே நின்றது. இறங்கியது ஜிஎஸ்டி மட்டும்தான்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் 12 சதவீதம் 5 ஆனது.

சுங்க வரி கடை விலையில் எப்படி ஏறுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். துறைமுகத்தில் 10,000 ரூபாய் மதிப்புள்ள சைக்கிளுக்கு வரி 3,500 ரூபாய். இறக்குமதியாளர் 15 சதவீதமும் கடைக்காரர் 25 சதவீதமும் லாபம் வைப்பதாகக் கொண்டால், அந்த லாபம் வரியின் மேலும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. கடைசியில் ஜிஎஸ்டியும் அதன் மேல் விழுகிறது. ஆக வாங்குபவர் கொடுப்பது ஏறக்குறைய 20,380 ரூபாய். வரியே இல்லாவிட்டால் 15,090 ரூபாய்தான் ஆகியிருக்கும். அரசுக்குப் போன 3,500 ரூபாய் நம் கைக்கு வரும்போது 5,280 ரூபாயாகப் பெருத்துவிடுகிறது. இதே கணக்கில் 2023-இன் இரண்டு புள்ளி உயர்வு கடை விலையில் சுமார் 300 ரூபாய்க்கு மேல் போயிருக்கக் கூடாது. ஆகவே “டூட்டி” என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஏற்றினால், அந்தத் தொகை வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அறிய வேண்டும்.

உள்நாட்டில் செய்த சைக்கிளுக்கும் வெளிநாட்டுக் கியர், பிரேக் போன்ற பாகங்கள் போடப்படுவதால் அந்த அளவுக்குச் சுங்க வரியின் தாக்கம் உண்டு. இறக்குமதிச் சைக்கிள் விலை ஏறினால் உள்ளூர் நிறுவனங்களும் அதற்குச் சற்றுக் கீழே தங்கள் விலையை நகர்த்திக்கொள்வதும் உண்டு. ஆனால் பால்காரரும் தபால்காரரும் ஓட்டும் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளுக்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, பழைய சரக்கில் நடக்கிறது. சுங்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பொருளை விடுவிக்க நுழைவுப் பட்டியல் (இறக்குமதியாளர் சுங்கத் துறைக்குக் கொடுக்கும் அறிவிப்பு) தாக்கல் செய்யும் நாளில் உள்ள விகிதம்தான் பொருந்தும். பட்ஜெட்டுக்கு முன்பே வரி கட்டிக் கடைக்கு வந்துவிட்ட சைக்கிளுக்குப் புதிய வரி கிடையாது. இறக்குமதிப் பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பாகங்களைப் பொருத்திச் சைக்கிளை நிறுத்திய பிறகு அந்தப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். வாங்கும்போதே பெட்டியைக் கேளுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலையைக் கடைக்காரர் அழிக்கவோ உயர்த்தி ஒட்டவோ கூடாது, அதற்கு மேல் விற்கவும் கூடாது.

இந்தப் புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் மக்களை அலையவிடுகிறார்கள். ஜிஎஸ்டி அலுவலகத்தில் இது நுகர்வோர் விஷயம் என்பார்கள். வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கடை தவிர எதுவும் எங்களுடையது அல்ல என்பார்கள். அச்சிட்ட விலையைக் கவனிக்கும் எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு விலைச் சீட்டுப் படத்தோடும் பில்லோடும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அங்கேயே புதைந்துவிடும்.

ஜிஎஸ்டி குறைந்ததன் பலனைக் கடைக்காரர் தரவில்லை என்றால், பலர் இன்னும் கொள்ளை லாபத் தடுப்புப் பிரிவுக்கு எழுதச் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே புதிய புகார்கள் ஏற்கப்படுவதில்லை. வரி குறைக்கும் முன்பே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். எனவே பில்லில் வரி விகிதத்தைப் பாருங்கள். இன்னும் 12 என்று போட்டிருந்தால் அது நேரடித் தவறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் பெற்றுக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் சைக்கிள். எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் மகளுக்காக, சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் ஓட்டிய சைக்கிளைக் கூரியரில் வரவழைத்தார். பெட்டியின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் வரி இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புச் சலுகையே 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. தவிர, பழைய பொருளை இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும் என்பது வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. பிரித்து, பாகங்களாக அனுப்பினால் தப்பிக்கலாம் என்பதும் வீண். பிரித்த நிலையில் வந்தாலும் முழுச் சைக்கிளாகவே கணக்கிடுவார்கள். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு 9804 என்ற தனித் தலைப்பும் தனி விகிதமும் இருப்பதால், எந்தத் தலைப்பில் வரி போட்டார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

வாங்கிய பில்லை நம்பாமல் சுங்க அதிகாரி பொருளின் மதிப்பை உயர்த்தினால், சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்க 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின் 12-ஆம் விதி உரிமை தருகிறது. கேட்டால்தான் தருவார்கள். விமானத்தில் வந்த பொருளின் மதிப்போடு சேர்க்கும் சரக்குக் கட்டணம், பொருளின் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சைக்கிள் பெட்டி பெரிது என்பதால் கூரியர் கட்டணம் இதைவிட அதிகமாக இருப்பது வழக்கம், முழுவதையும் சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள்.

அந்தத் தந்தை சிக்கியது இன்னொரு இடத்தில். அதிகாரி மதிப்பை மாற்றிப் போட்ட மறுமதிப்பீட்டை அவர் பெயரில் கூரியர் நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. எழுத்தில் ஒப்புக்கொண்டால், 15 நாட்களுக்குள் காரணங்களோடு ஆணை தர வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லாமல் போகிறது. அவர் பணத்தைக் கட்டிப் பொருளை எடுத்துவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு எட்டு மாதம் அலைந்தார். மதிப்பீட்டை மேல்முறையீட்டில் மாற்றாமல் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது என்பதை, எட்டாவது மாதத்தில்தான் அவரிடம் சொன்னார்கள். மேல்முறையீட்டுக்கு இருந்த அவகாசமோ 60 நாட்கள்.

ஆகவே பெட்டி கிளம்பும் முன்பே கூரியர் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: “என்னைக் கேட்காமல் மதிப்பிலோ தலைப்பிலோ எந்த மாற்றத்தையும் என் சார்பில் ஒப்புக்கொள்ள வேண்டாம்.” தகராறு நீளும் ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறும் என்பதால், ஆட்சேபணையுடன் கட்டுவதாக எழுதிக் கொடுத்துச் சைக்கிளை எடுத்துவிட்டு, காரண ஆணையைக் கேளுங்கள். ஆணை கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். 60 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது.