நாக்-அவுட் கோப்பை: விலக்கலா, விலகலா?

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் விளையாட்டுக் கழகங்கள் ஒட்டும் சுவரொட்டிகளில் அடிக்கடி ஒரு வரி கண்ணில் படும்: 'அணிக்கு 7 பேர் கொண்ட விலகல் முறையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி'. தமிழ்நாட்டில் அதே போட்டிக்கு நோட்டீஸ் அடித்தால் 'நாக்-அவுட் முறையில் நடைபெறும்' என்று போடுவார்கள். பொருள் ஒன்றுதான். தோற்ற அணி அத்தோடு ஊருக்குப் போக வேண்டும், மறுவாய்ப்பு கிடையாது. ஆனால் தோற்றவரை இந்த இரண்டு சொற்களும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

நாக்-அவுட் என்பது அடித்து வீழ்த்துவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் குத்துச்சண்டைக் களம்தான் நினைவுக்கு வரும். 1867இல் வெளிவந்த குவின்ஸ்பெரி விதிகளின்படி கீழே விழுந்தவர் 10 விநாடிக்குள் எழுந்து நிற்க வேண்டும், எழாவிட்டால் ஆட்டம் முடிந்தது. அணிகள் மோதும் கோப்பைப் போட்டிகளுக்கு இந்தச் சொல் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் 'கப் டை'. டை என்றால் முடிச்சு, கட்டு. இருவரும் சமமாக முடித்தால் அவர்களைச் சேர்த்துக் கட்டியது போல, அதனால் சமநிலைக்கு அந்தப் பெயர். சமநிலையை அவிழ்க்க ஆடிய ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு, கடைசியில் கோப்பைக்காக ஆடும் எந்த ஆட்டமும் 'டை' ஆகிவிட்டது. ஆங்கில விளையாட்டுச் செய்தியைத் தமிழாக்கும்போது இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'கப் டை' என்று இருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிந்ததாக எழுதிவிடக் கூடாது.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தில் நாக்-அவுட் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது. ரக்பியின் மிகப் பழைய கோப்பை லண்டன் மருத்துவமனைகளின் கல்லூரி மாணவர்கள் 1875இல் ஆடத் தொடங்கிய ஹாஸ்பிடல்ஸ் கப். அதற்குச் சற்றுப் பின்னால், 1877இல், இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் வட்டாரம் தன் கழகங்களுக்கென்று ஒரு நாக்-அவுட் கோப்பையை வைத்தது. முதல் ஆண்டு இறுதியாட்டத்தில் ஹாலிஃபாக்ஸ் அணி யார்க் அணியை வென்றது. அந்தக் கோப்பைக்கு ஊர்க்காரர்கள் தங்கள் வட்டார வழக்கில் வைத்த செல்லப்பெயர் 'டவுட் டின் பாட்'. 'அந்தப் பழைய தகரக் குவளை' என்று சொல்லலாம். சொந்தப் பிள்ளையைக் கறுப்பா, குண்டா என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி உரிமை அது. பக்கத்து ஊரோடு மோதல், தோற்றால் அடுத்த வருஷம்தான் என்ற நிலை. இதைப் பார்க்க ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் திரண்டு வந்தார்கள்.

1871இல் தோன்றிய இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் தலைமைக்கு இது பிடிக்கவில்லை. கோப்பை என்று ஒன்று வந்துவிட்டால் முரட்டு ஆட்டம் வரும், பந்தயம் வரும், பணம் வரும் என்று அஞ்சினார்கள். இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பிக் கழகம் 1870களின் இறுதியில் ஆள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்தார்கள். 270 ரூபாய் என்பார்கள். அதை உருக்கிக் கோப்பை செய்து லண்டனுக்குக் கொடுத்தார்கள். மூன்று கைப்பிடிகள், மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் உச்சியில் ஒரு யானை. நம் ஊர்ச் சம்புடத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். கால்பந்தில் எஃப்.ஏ. கோப்பைக்குக் கழகங்கள் மோதுவது போல ரக்பியிலும் இதற்கு மோத வேண்டும் என்பது கொடுத்தவர்களின் ஆசை. சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ஆடும் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அதைப் பரிசாக்கிவிட்டது. 1879இல் எடின்பரோவில் நடந்த முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கல்கத்தா கோப்பை பெயரில் மட்டும் கோப்பைப் போட்டி. அதில் யாரும் விலகுவதும் இல்லை, அடுத்த சுற்றுக்குப் போவதும் இல்லை.

வடக்கில் கதை வேறு மாதிரி திரும்பியது. தொழிலாளிக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஆட்டத்துக்குப் போனால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். அதை ஈடுகட்ட வேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே 'புரோக்கன் டைம்' என்று பெயர். உடைந்த நேரம் என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'வேலை கெட்டுப் போச்சு' என்று நாம் அன்றாடம் சொல்வதுதான் அது. வேலை கெட்ட கூலி என்றால் எவருக்கும் புரியும். 1893இல் யார்க்ஷயர்காரர்கள் கொண்டுவந்த இந்தத் தீர்மானத்தைச் சங்கம் தோற்கடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் 20க்கும் மேற்பட்ட வட இங்கிலாந்துக் கழகங்கள் கூடித் தனி அமைப்பு தொடங்கின. நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி வைத்தன. அந்தப் பிரிவுதான் பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக். கூலி கொடுக்க மறுத்த பக்கம் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இங்கே 'லீக்' என்பது ஆட்டத்தின் பெயர். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் 'லீக் முறை' வேறு. இரண்டையும் குழப்பினால் ரக்பிச் செய்தி ஒன்றைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது.

யூனியன் பக்கத்தில் 'அமெச்சூர்', அதாவது பணம் வாங்காமல் ஆடுபவர், என்ற சொல் அப்புறம் 100 ஆண்டுகள் வேலியாக நின்றது. வீரருக்குப் பணம் கொடுக்கலாம் என்று அறிவித்தது 1995 ஆகஸ்டில்தான். நாடு முழுவதற்குமான கழக நாக்-அவுட் கோப்பையே இங்கிலாந்தில் 1971-72இல்தான் தொடங்கியது, முதலில் வென்றது க்ளோஸ்டர். அதுவரைக்கும் அங்கே நாக்-அவுட்டின் சூட்டைக் காத்தவை யார்க்ஷயர் கோப்பை போன்ற வட்டாரக் கோப்பைகள்தான். பெரிய மைதானங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தகரக் குவளைக்கு இன்னும் நாலு பக்கம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

அமெச்சூர் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். வேர்ப்பொருள் 'நேசிப்பவர்'. தமிழில் 'பயில்முறை' என்று ஒரு சொல் உண்டு, நாடகத்துக்குப் பயன்படுத்துவார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்ற நிழல் அதில் விழுகிறது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மதியம் சேற்றில் உருளும் நாற்பது வயதுக்காரர் பயிற்சி மாணவர் இல்லை. 'ஆர்வலர்' என்பதே வேர்ப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கோப்பையா, கிண்ணமா? தமிழ்நாட்டில் உலகக் கோப்பை, இலங்கையில் உலகக் கிண்ணம். கோப்பை போர்த்துகீசியரின் 'கோப்போ' வழியாக நம்மிடம் வந்தது, கிண்ணம் நம் வீட்டுப் பாத்திரம். இலங்கைக் கழக ரக்பியின் நாக்-அவுட் பரிசும் கிளிஃபோர்ட் கிண்ணம்தான். இரண்டும் இருக்கட்டும், இதில் சண்டை வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் கைமாறும் 'சேலஞ்ச் கப்'புக்குச் 'சவால் கோப்பை' என்று அப்படியே சொல்மாற்றம் செய்வதைவிட, நம் ஊர்ப் போட்டிகளில் புழங்கும் 'சுழற்கோப்பை' நல்ல சொல். இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் எங்கேயோ, கோப்பை சுழன்றுகொண்டே இருக்கிறது.

சரி, நாக்-அவுட்டுக்கு வருவோம். 'வெளியேற்றப் போட்டி' என்றும் எழுதுகிறார்கள். வெளியேற்று, விலக்கு இரண்டும் பிறவினை, இன்னொருவர் பிடித்துத் தள்ளுவது. ஆங்கிலச் சொல்லின் அடி அதில் அப்படியே இருக்கிறது. விலகு தன்வினை. ஆடினோம், தோற்றோம், வழிவிட்டு ஒதுங்கினோம். காயத்தால் விலகினார் என்ற செய்தியோடு குழம்பாதா என்று கேட்கலாம். கூடவே 'முறை' என்ற சொல் நிற்கிறதே, குழம்பாது. 13 அணிகள் வந்தால் 12 ஆட்டம், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி ஒதுங்கும், கடைசியில் ஒதுங்காமல் நிற்பது ஒன்று. முதல் சுற்றில் 3 அணிகளுக்கு ஆடாமலே முன்னேறும் 'பை' கிடைக்கும். கையில் பிடிக்கும் பையோடு குழம்பும் இந்தச் சொல்லைத்தான் மாற்ற வேண்டும், 'ஆடா முன்னேற்றம்' என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஆக, யார்க்ஷயரின் அந்தப் பழைய தகரக் குவளையை நான் இப்படி எழுதுவேன்: வட்டார ஆர்வலர் கழகங்களுக்கான விலகல் முறை ரக்பிச் சுழற்கோப்பை.