மகரந்தப்பையின் நுனியில் ஓர் அடையாளம்

தோட்டத்துச் செடி ஒன்றை இனங்காண முற்படுவோர் அது புதராக வளர்கிறதா, தரையில் படர்கிறதா என்பதையே முதலில் பார்க்கின்றனர். பேரினத்தைத் தீர்மானிப்பதில் இந்த அளவுக்கு ஏமாற்றும் அடையாளம் வேறில்லை என்பேன். ஆளுயரத்தையும் தாண்டும் சுண்டை, வளைந்த முட்களால் பற்றி ஏறும் தூதுவளை, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கண்டங்கத்திரி, மெல்லிய தண்டுடைய மணத்தக்காளி ஆகிய நான்கும் சொலானம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

உறவைக் காட்டிக்கொடுப்பது பூ. அடியில் இணைந்த ஐந்து இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்க, நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் நெருங்கி நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், ஒவ்வொரு பையின் நுனியிலும் மிகச் சிறிய துளைகள் தெரியும். மகரந்தம் வெளிவர வழி அவ்வளவுதான். சிலவகைத் தேனீக்கள் பூவைக் கவ்விக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை ரீங்காரத்துடன் அதிரச் செய்யும்போது, அத்துளைகளின் வழியே மகரந்தம் பீறிட்டு வெளிவருகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மிளகாயிலும் ஊமத்தையிலும் பை நீளவாக்கில் பிளந்து திறப்பதால், அவை வேறு பேரினங்கள். இவ்விதிக்குத் தக்காளி ஒரு விலக்கு: அதன் பைகளும் நீளவாக்கில் பிளப்பவையே. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் சொலானத்தில் சேர்த்த அதை, மறு ஆண்டே ஆங்கிலேயத் தோட்டக்கலை வல்லுநர் மில்லர் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிற்கால டிஎன்ஏ ஆய்வுகள் லின்னேயஸின் முடிவையே உறுதிப்படுத்தின.

பேரினம் தெரிந்தபின் சிற்றினத்தைப் பிரித்தறிய முள்ளும் நுண்மயிரும் காயும் உதவும். சுண்டையின் பூ வெண்ணிறமானது. அதன் இலையடியில் உள்ள மயிர்கள் நட்சத்திரம்போல் கிளைத்திருக்கும். கண்டங்கத்திரிக்கும் தூதுவளைக்கும் பூ ஊதா நிறமே எனினும், முன்னதன் நேரான முட்கள் இலையின் நரம்புகள்மீதும் நீண்டு நிற்கும், வெண்கோடிட்ட பச்சைக்காய் மஞ்சளாகப் பழுக்கும். தூதுவளையின் பழமோ சிவப்பு.

உண்மையான சிக்கல் மணத்தக்காளியில்தான் எழுகிறது. அப்பெயரால் வழங்கும் செடிகளில் சொலானம் அமெரிக்கானம், வில்லோசம், நைக்ரம் என மூன்று சிற்றினங்கள் உள்ளன. அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை முறையே 24, 48, 72. வில்லோசத்தின் பழம் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருப்பதால் எளிதில் தெரிந்துவிடும். கருநிறப் பழமுடைய மற்ற இரண்டில், பழக்காம்புகள் ஏறத்தாழ ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி, பழம் பளபளத்து, புல்லியிதழ்கள் பின்னோக்கி மடங்கியிருந்தால் அது அமெரிக்கானம். காம்புகள் சற்றே இடைவிட்டு அமைந்து, பழம் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் நைக்ரம். இலையின் விளிம்பு ஒரே செடியிலும் மாறக்கூடியது என்பதால், இவ்விரண்டுக்கும் பெயரிடப் பழம் கனியும்வரை காத்திருப்பதே நல்லது.