ஆயா கேட்ட கேள்வி

டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் செவித்திறன் சோதிப்பது என் தொழில். ஒருநாள் காது கேட்காத பதினெட்டு மாதப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆயா (பாட்டியை இங்கே பலரும் அப்படித்தான் அழைக்கிறோம்) கேட்டார்: "எங்கள் இரண்டு பக்கத்திலும் காது கேட்காதவர் ஒருவர்கூட இல்லையே, இது எப்படிப் பரம்பரையாகும்?" மருமகள் வாய் திறக்கவில்லை. கிரகணத்தன்று வெளியே போனவள் என்ற பழி ஏற்கெனவே அவர் தலையில் ஏறியிருந்தது.

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருவரும் நன்றாகக் கேட்பவர்கள். பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகின்றன. பரம்பரைக் காதுகேளாமையில் பெரும்பாலும் ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். அப்போது பழுதான பிரதியைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குழந்தை பெற்றால்தான் செவி போகிறது. அதனால் பல தலைமுறை சத்தமில்லாமல் கடந்துவிடும். இப்படிச் செவியைப் பாதிக்கும் மரபணுக்களில் அடிக்கடி அகப்படுவது ஜி.ஜே.பி.2 மரபணு. உள்காதுச் செல்களுக்கிடையே பொட்டாசியம் போய்வரும் வாசல்களைக் கட்டும் கனெக்சின் 26 என்ற புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது. இந்தியக் குடும்பங்களில் அதிகம் தென்படும் பிழை, அந்தப் புரதத்தை 24ஆவது இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் மரபணுக்களையும் மூட்டையோடுதான் கொண்டுவந்தார்கள்.

சொந்தத்தில் கட்டிய வீடுகளில் நான் இன்னும் கவனமாக விசாரிப்பேன். மாமன் மகனும் அத்தை மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. ஒரே பழுது இருபுறமும் சந்திப்பது அங்கே எளிது. பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. "ஒன்று போய்விட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

வேறொரு வழியும் உண்டு, காசநோய் மிகுந்த இந்த நாட்டில் அதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின், அமிகாசின் ஊசிகள் யாருடைய செவியையும் கெடுக்கக்கூடும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணுக்கள் உண்டு. அவற்றில் 1555ஆம் இடத்தில் பிழை உள்ளவர்களுக்குச் சிறிய அளவே போதும். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கு ஊசிக்குப் பதிலாக பெடாகுவிலின் மாத்திரையைத் தென்னாப்பிரிக்கா 2018இல் கொண்டுவந்தது பெரிய நிம்மதி. ஆனாலும் வேறு நோய்களுக்கு இதே வகையைச் சேர்ந்த ஜென்டாமைசின் இன்றும் போடப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் அந்தப் பிழை தாய்வழியில் மட்டுமே இறங்கும். தாய்மாமனுக்கு ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அந்தப் பிழை தாய்மாமனிடம் இருந்தால், அவர் தம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கமாட்டார். ஆனால் அவருடைய சகோதரியின் பிள்ளைகளிடம் அது இருக்கும்.

செவி கேட்காத குழந்தை அழும்போதோ பயப்படும்போதோ மயங்கி விழுந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். செவியையும் இதயத்துடிப்பையும் சேர்த்துப் பாதிக்கும் அரிய பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு, அது உயிரையே பறிக்கும்.

அந்த ஆயா குடும்பத்தின் மரபணுச் சோதனை முடிவு வந்தது: தாயிடம் ஒரு பழுது, தந்தையிடம் ஒரு பழுது.

"அப்படியானால் என் பையனிடமிருந்துமா?"

"ஆமாம் ஆயா. அவருக்கு உங்களிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கும்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடமிருந்து காதுக் கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். டர்பன் புழுக்கத்தில் இதற்குள் ஈரம் இறங்காதா, இரவில் எதில் போட்டு வைப்பது என்று கேட்டார்.