அரீனா எப்போது மைதானம் ஆனது?

சென்ற மாதம் ஒரு துண்டறிக்கை மெய்ப்புப் பார்க்க வந்தது. ஒரு நகரத்தில் புதிதாக அரீனா கட்டப்போகிறார்கள். அதைச் சுற்றி ஓட்டல், கடைகள், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள், இரவில் கூட்டம் உலவ ஒரு சதுக்கம். மக்களிடம் கருத்துக் கேட்பதற்காக அதைத் தமிழிலும் போடுகிறார்கள், நல்ல விஷயம். தலைப்பு இப்படி இருந்தது: 'புதிய நகர மைதானம் மற்றும் பல்நோக்குப் பொழுதுபோக்குச் சரகம்'.

புதியது நகரமா, மைதானமா என்பதே முதலில் புரியவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அரீனாவை மைதானம் என்று எழுதுவதை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. செய்தித் தலைப்பில் மைதானம், வர்ணனையில் மைதானம், கைபேசி மொழிபெயர்ப்பில் மைதானம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் கதை சின்னது. லத்தீனில் ஹரேனா என்றால் மணல். ரோமானியர்கள் சண்டைக் காட்சி நடக்கும் தரையில் மணலைப் பரப்பி வைப்பார்கள், சிந்துகிற ரத்தத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கி.பி. 80இல் திறந்த கொலோசியத்திலும் இதே ஏற்பாடுதான். மணலின் பெயர் தரைக்கு வந்தது, தரையின் பெயர் கட்டடத்துக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் அரேனா இன்றும் மணல்தான்.

இன்று நகரங்கள் அரீனா கட்டுகிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது இதுதான்: நடுவில் ஒரு தளம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள், தலைக்கு மேல் கூரை. 2007இல் திறந்த லண்டன் ஓ2 அரீனாவில் ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது 1968இல். அதன் அடியில் ரயில் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரில் தோட்டம் இருக்கிறது, இடத்தில் தோட்டம் இல்லை. நம் ஆட்கள் அதை 'மேடிசன் சதுரத் தோட்டம்' என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். பாரசீகம் வழியாக வந்த சொல். பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை, அது தமிழில் ஊறி வெகுகாலமாகிறது. ஆனால் அதற்கென்று ஒரு பொருள் இருக்கிறது: வெட்டவெளி. மழை வந்தால் ஆட்டம் நிற்கிற இடம் மைதானம். அரீனாவுக்குள் இருப்பவனுக்கு வெளியே மழை பெய்வதே தெரியாது. ரயில் நிலையத்தின் தலைமேல் எந்த ஊரில் மைதானம் இருக்கிறது?

இது வெறும் சொல் சண்டை இல்லை. அந்தத் துண்டறிக்கையின் வரைவை முன்பே சிலரிடம் காட்டியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒன்று: 'காலை நடைப்பயிற்சிக்கு மைதானத்தை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?' கேட்டவரைச் சொல்லிக் குற்றமில்லை. சீட்டு வாங்கினால்தான் உள்ளே போக முடியும் என்கிற ஒரு கட்டடத்துக்கு எல்லோருக்கும் திறந்த இடத்தின் பெயரைக் கொடுத்தால், அவர் அப்படித்தான் கேட்பார். அந்தப் பெயரை நம்பி அவர் திட்டத்துக்குச் சம்மதமும் சொல்லிவிடுவார், அதுதான் கவலை.

மைதானக் கட்சிக்காரர்களிடம் ஒரு பதில் உண்டு. 'ஸ்டேடியத்துக்கு விளையாட்டரங்கம் என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், அரீனாவுக்கும் அரங்கம் என்றால் குழப்பம் வராதா? போதாக்குறைக்கு மியூனிக்கின் அலையன்ஸ் அரீனா நடுவே வானம் தெரிகிற கால்பந்துத் திடல்தானே?' என்பார்கள். சரி, அது உண்மை. ஐரோப்பாவில் பல கால்பந்துத் திடல்கள் அரீனா என்று பெயர் சூட்டிக்கொண்டுவிட்டன. அதெல்லாம் சிறப்புப் பெயர், அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். பொதுச்சொல்லாக வரும்போதுதான் தமிழ் வேண்டும்.

அரங்கத்தின் மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. நாம் அதை ஓயாமல் வேலை வாங்கிவிட்டோம். திரையரங்கு, கருத்தரங்கு, பயிலரங்கு எல்லாம் போக, கண்காட்சியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் அதுவும் அரங்கு. ஆனாலும் சொல்லின் வேர் உறுதியானது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401ஆம் குறள். அங்கே அரங்கு என்பது வட்டாட, அதாவது காய் உருட்டி விளையாட, கோடு கிழித்து வகுத்த கட்டம். சிலப்பதிகாரம் ஆடலரங்குக்கு அளவே கொடுக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆட்டத்துக்காக அளந்து வகுத்த இடம் அரங்கு. அரீனா வேறென்ன? வடமொழி ரங்கத்திலிருந்து வந்ததா, தமிழிலேயே பிறந்ததா என்ற பழைய வழக்குக்குள் நான் போகவில்லை. ஆற்று நடுவே இருக்கும் திட்டுக்கும் அரங்கம் என்று ஒரு பெயர் உண்டு. மணல் இங்கேயும் இருக்கிறது என்று லத்தீனுக்கும் தமிழுக்கும் யாராவது சம்பந்தம் பேசக் கிளம்புவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

என் கணக்கு இதுதான். கட்டடம் பேரரங்கம், அதன் நடுத்தளம் களம். அரசியல் களம் என்று எழுதுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகத்தான் எழுதுகிறார்கள், அது மணல் தரை என்ற பழைய பொருளுக்கு நேர்.

அப்புறம் இந்த 'பல்நோக்கு'. இதில்தான் எனக்குக் கோபமே. பேரரங்கம் பல்நோக்குக் கட்டடம்தான், மறுக்கவில்லை. மதியம் ஐஸ் ஹாக்கி முடிந்ததும் பனித்தளத்தின் மேல் வெப்பம் புகாத பலகைகளை அடுக்கி, அதன்மேல் மரத்தளம் பொருத்தி, இரவே கூடைப்பந்து ஆடுவார்கள். ஒரே இடம், பல வேலை. ஆனால் அறிக்கை அந்தச் சொல்லைப் போட்டது சுற்றியுள்ள பகுதிக்கு. அங்கே வீடு வீடாகவே இருக்கும், அலுவலகம் அலுவலகமாகவே இருக்கும். கனடாவின் எட்மன்டனில் 2016இல் திறந்த ரோஜர்ஸ் பிளேஸ் அரீனாவைச் சுற்றி எழுந்த ஐஸ் டிஸ்டிரிக்ட் என்ற பகுதியில் ஓட்டலும் அலுவலகமும் குடியிருப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பல பயன்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன, ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. அதற்குக் 'கலப்புப் பயன்பாடு' என்பதே பொருத்தம். கலப்பு என்றதும் கலப்படம் நினைவுக்கு வருகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கும் காதுக்கு இனிமையாக இல்லை. ஆனால் பொருள் தவறவில்லையே.

அடுத்தது சரகம். ஆங்கிலத்தில் பிரீசிங்க்ட் என்று இருந்ததற்கு, போலீஸ் எல்லை என்ற பொருளை அகராதியில் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டது. பிரீசிங்க்ட்டின் லத்தீன் வேருக்குச் சுற்றிக் கட்டுதல் என்று பொருள். வளாகமும் வளைந்து சூழ்ந்த இடம்தான், 'தெண்கடல் வளாகம்' என்கிறது புறநானூறு. அழகான பொருத்தம். ஆனால் இன்று வளாகம் என்றால் மதில், வாசல், காவலாளி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. தெருக்கள் பொதுத்தெருவாகவே இருக்கப்போகின்றன என்றால் வட்டாரம் என்று எழுதுவேன். அப்படி இருக்குமா என்று கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அதனால் 'நகரின் புதிய பேரரங்கமும் கலப்புப் பயன்பாட்டுப் பொழுதுபோக்கு வளாகமும்' என்று திருத்தி, மைதானத்தை எட்டு இடத்தில் அடித்துவிட்டு அனுப்பினேன்.

நேற்று அச்சுப்படி வந்தது. வளாகம் இருக்கிறது. கலப்புப் பயன்பாடு இருக்கிறது. தலைப்பில், கொட்டை எழுத்தில், 'பேரரங்க மைதானம்'.