வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர்

பக்கவாதத்தில் விழுந்த தாயைக் கவனித்துக்கொள்ளும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் பகுதியில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வாரம் ஒருநாள் கூடுகிறார்கள். அங்கே வரும் அம்மையார் ஒருவர் அவருடைய தாயின் கையை மெதுவாக வருடிவிடுகிறாராம். அழுத்துவதில்லை, தைலமும் இல்லை. பத்து நிமிடத்தில் அம்மா கண்ணயர்ந்துவிடுகிறார். "என் உடம்பிலுள்ள சக்தியைச் செலுத்துகிறேன் என்கிறார். உண்மையா?" என்பது கேள்வி.

சக்திக்குப் பிறகு வருகிறேன். கண்ணயர்வது உண்மையாகவே இருக்கும். மெல்லிய வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன.

நீவுதல் வேறு, வருடுதல் வேறு. சுளுக்கை நீவுவோம், தூங்கும் குழந்தையின் தலையை வருடுவோம். சட்டைப் பையில் கைவிட்டு, இருப்பது சாவியா சில்லறையா என்று பாராமலே சொல்ல உதவுபவை மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகள். வினாடிக்கு 50 மீட்டர் அளவில் செய்தி பறக்கும். இது பள்ளிப் பாடம்தான். வருடலுக்கான 'சி-டாக்டைல்' இழைகளுக்கு அந்த உறை கிடையாது. அவற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகம். முன்கையில் கிளம்பிய செய்தி தண்டுவடத்தை எட்டவே முக்கால் வினாடி பிடிக்கும். கொசு அடிக்க இதை நம்பினால் கொசு பறந்திருக்கும்.

அவசரத்துக்கு உதவாத இந்த இழைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஊசி போன்ற மின்முனையை முன்கை நரம்புக்குள் செருகி, ஒற்றை இழையின் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். ரோபோ ஒன்று மென்மையான தூரிகையால் கையை வருடியது. தடித்த இழைகள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டன: தூரிகை வேகமாகப் போகப் போகத் துடிப்பும் கூடியது. சி-டாக்டைல் இழையோ நடுவேகத்தில் மட்டும் பொரிந்து தள்ளியது. தூரிகை ஊர்ந்தாலும் அடங்கியது, பறந்தாலும் அடங்கியது. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரைதான் அதற்கு உகந்தது. 'எந்த வேகம் இதமாக இருந்தது?' என்று ஆட்களைக் கேட்டபோது, அவர்கள் தந்த மதிப்பெண்ணும் அதே மேடு போல எழுந்து இறங்கியது. இன்னொரு ஆய்வு வெப்பத்தையும் சோதித்தது. 18 டிகிரியிலும் 42 டிகிரியிலும் மந்தமாக இருந்த இழை, 32 டிகிரியில் உற்சாகமானது. அது மனிதத் தோலின் இயல்பான வெப்பம்!

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எட்டு வினாடியில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர் வரும். தாய்மார்கள் யாரும் இதை அளந்து பழகவில்லை. ஆனால் பொம்மைக் கையை வருடச் சொன்னால் விரைந்து போகும் விரல்கள், குழந்தையை வருடும்போது தாமாகவே இந்த வேகத்துக்கு இறங்குகின்றன.

ஜி.எல். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் நோயாளி ஒருவருக்கு நோயால் தடித்த தொடு இழைகள் அழிந்துவிட்டன. உடம்பில் தொட்டால் தெரியாது. அவருடைய முன்கையைத் தூரிகையால் வருடியபோது, எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஏதோ மங்கலான இதம் இருப்பதாகச் சொன்னார். மூளைப் படத்தில், தொட்ட இடத்தைக் கணக்கிடும் பகுதி அமைதியாக இருந்தது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி விழித்திருந்தது.

இந்த வகை இழையைப் பூனையில் ஸ்வீடன் நரம்பியல் விஞ்ஞானி சோட்டர்மன் கண்டது 1939இல். மனிதரில் உறுதியாக 1990ஐ ஒட்டித்தான். அரை நூற்றாண்டு. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஊர் நிதி விண்ணப்பப் படிவத்தை நிரப்பியிருந்தால், ஊசி வாங்கவே காசு கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது சக்தி. தொடாமலே கையருகே கையை வைத்து 'சக்திப் புலத்தை' உணர்வதாகச் சொன்ன 21 பேரை, எமிலி ரோசா என்ற ஒன்பது வயது அமெரிக்கச் சிறுமி சோதித்தாள். அவர்கள் கைகள் தடுப்புக்கு அப்பால். எந்தக் கைக்கு மேல் எமிலியின் கை இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். 44 விழுக்காடே சரி. காசு சுண்டியிருந்தால் ஐம்பது வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. தோலும் விரலும் இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யும்போது, இல்லாத சக்திக்கு எதற்குப் புகழ்?

வாசகிக்கு ஒன்று. எல்லாருக்கும் வருடல் இதமல்ல. ஆட்டிசம் உள்ள சிலருக்கு மெல்லிய தொடுதல் உடம்பைக் கூசச் செய்யும். அழுத்திப் பிடித்தால் ஆறுதல். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு மெல்லிய வருடலே எரியும். அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பேச்சு வராவிட்டால் முகத்தைப் பாருங்கள், கையை இழுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். வருடுவது எந்தக் கையை என்று நீங்கள் எழுதவில்லை. பாதிக்கப்பட்ட கை என்றால், ஒருமுறை மற்றக் கையிலும் வருடிப் பார்த்து எழுதுங்கள்.