பின்னேரத்தில் கேத்தல் ஏன் சுணங்குகிறது?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொழும்பில் மகன் பாவித்த கேத்தலைத்தான் இங்கே கொண்டுவந்தோம். அங்கே சட்டென்று கொதித்த தண்ணீர் இங்கே, அதுவும் பின்னேரத்தில், கொதிக்கவே மாட்டேன் என்கிறது. கேத்தல் பழுதா, மலைக் குளிரா?"

குளிரின்மேல் பழிபோட அதிகம் இடமில்லை. மலையில் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் 1,200 மீற்றருக்கு மேலே அது 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 28 பாகையிலிருந்து 100 வரை சூடேற்றினால், இங்கே 18 இலிருந்து 96 வரை. 72 பாகைக்குப் பதிலாக 78. இந்த வித்தியாசத்துக்காக யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

கேத்தலும் நல்ல கேத்தல்தான். அதன் அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிட்டிருக்கும். மிச்சமெல்லாம் சாதாரண தரத்தில் படித்ததுதான்: அழுத்தத்தை (வோல்ட்) ஓட்டத்தால் (அம்பியர்) பெருக்கினால் வலு (வாட்), வகுத்தால் தடை (ஓம்). 2000 ஐ 230 ஆல் வகுத்தால் 8.7 அம்பியர், 230 ஐ 8.7 ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். உள்ளே இருப்பது நிக்குரோம் சுருள். சூடேறினாலும் அதன் தடை பெரிதாக மாறாது என்பதால் இந்த 26.5 ஐ நம்பலாம்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். கேத்தலைப் போடாமல் பிளக் பொயின்டில் வோல்ட்மானியை வைத்தால் 224 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேத்தலைப் போட்டதும் அது 200 க்கு இறங்குகிறது. அந்த 24 வோல்ட் எங்கே போனது? டிரான்ஸ்போமரிலிருந்து உங்கள் காம்பரா வரைக்கும் வருகிற கம்பியில் விழுந்துவிட்டது. கேத்தலில் ஓடும் ஓட்டம் 200 வகுத்தல் 26.5, அதாவது 7.55 அம்பியர். அதே ஓட்டம்தான் கம்பியிலும் ஓடியாக வேண்டும். வேறு வழி அதற்கில்லை. ஆகவே கம்பியின் தடை 24 வகுத்தல் 7.55, சுமார் 3.2 ஓம். கூரைமேல் ஏறவில்லை, சுவரை உடைக்கவில்லை, கம்பியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே, இரண்டு வாசிப்புகளில் அதன் தடை கைக்கு வந்துவிட்டது! எத்தனை தரம் செய்துகாட்டினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கேத்தலுக்குக் கிடைக்கும் வலு 200 தர 7.55, சுமார் 1,510 வாட். அழுத்தம் 230 இலிருந்து 13 வீதம்தான் குறைந்தது. அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் கூடவே குறைவதால் வலு கிட்டத்தட்ட 25 வீதம் போய்விட்டது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 நிமிடம் 43 செக்கன் போதுமாக இருந்த இடத்தில் இப்போது 3 நிமிடம் 36 செக்கன். பின்னேரத்தில் லயம் முழுவதும் ரைஸ் குக்கரும் அயன் பெட்டியும் ஓடும்போது பொதுக் கம்பியில் விழும் வோல்ட்டும் சேர்ந்துகொள்ளும். அந்த 224 கூட அப்போது மிஞ்சாது.

சுணக்கம் போகட்டும். கம்பியில் வீணாகும் 24 தர 7.55, அதாவது 181 வாட்தான் என்னை உறுத்துகிறது. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 100 மீற்றர் போய்த் திரும்பினால் தடை 1.4 ஓம் அளவில்தான் இருக்கும். 3.2 என்றால் கம்பி மிக நீளம், அல்லது மெல்லிசு, அல்லது நடுவில் எங்கோ கெட்ட ஜொயின்ட். நீளம் காரணமென்றால் சூடு வழிநெடுகப் பரவிப்போகும். ஜொயின்ட் என்றால் அப்படியில்லை. முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் பனி ஈரம் இறங்குகிறது, செப்பின் மேல் ஒட்சைட்டு படிகிறது, உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்புச் சுருங்குகிறது, தடை ஏறுகிறது. தடை ஏறச் சூடு, சூடு ஏற இன்னும் ஒட்சைட்டு. அந்த ஒரு முடிச்சில் மட்டும் 1 ஓம் இருந்தால் 7.55 ஐ 7.55 ஆல் பெருக்கி 57 வாட். பழைய இழைக் குமிழ் ஒன்றின் முழுச் சூடும் பலகைக்கு மேலே, டேப்புக்குள்ளே.

எந்தச் சுவிட்சும் இதைக் கண்டுபிடிக்காது. மிகையோட்டம் வந்தால் விழும் சுவிட்சுக்கு இங்கே வேலையே இல்லை, ஓட்டம் 8.7 இலிருந்து 7.55 க்குக் குறைந்தல்லவா இருக்கிறது! ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது போன ஓட்டம் திரும்பி வருகிறதா என்பதை. முழுவதும் திரும்பி வருகிறது. அதுவும் பேசாமல் இருக்கும். லயத்தில் தீப்பிடித்தால் 'மின்னொழுக்கு' என்று எழுதி விசாரணையை முடித்துவிடுகிறார்கள். ஒழுகாமலே எரிக்கும் ஜொயின்டைத் தேடுவார் இல்லை. மீட்டர்ப் பலகைக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. கட்டுகிற கையோடு ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு ஆணிகளை இறுக்கச் சொன்னால் போதும். தோட்டப் பாடசாலைகளுக்கு நல்ல மல்ரிமீற்றர்கள் வாங்க, ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவே தாராளம் என்பது என் எண்ணம்.

இதே கணக்கைப் பெரிய ஆட்கள் நன்றாகவே அறிவார்கள். 1950 இல் லக்சபான நீர்மின் நிலையத்தில் பிறக்கத் தொடங்கிய மின்சாரம் உயர் அழுத்தத்தில்தான் கொழும்புக்கு இறங்கியது. அழுத்தம் பத்து மடங்கானால் அதே வலுவுக்கு ஓட்டம் பத்திலொன்று, கம்பியில் வீணாவது நூறிலொன்று. மின்கம்பிக் கோபுரங்களுக்குக் காட்டிய அந்தக் கவனத்தை லயத்துக்கு வரும் கடைசி 200 மீற்றருக்கு யாரும் காட்டவில்லை.

வாசகி செய்ய வேண்டியது ஒன்று. பிளக்கில் செருகும் வோல்ட்மானிகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தன் காம்பராவிலும் மற்றதை அடுத்த காம்பராவிலும் வைத்துவிட்டுக் கேத்தலைப் போடட்டும். இரண்டும் ஒரே அளவில் இறங்கினால் கோளாறு பொதுக் கம்பியில். வாசிப்புகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கலாம். தன்னுடையது மட்டும் இறங்கினால் அது வீட்டுக் கம்பிதான். அதைத் திருத்தும்வரை அந்தப் பிளக்கில் கேத்தலைப் போட வேண்டாம்.