காலிக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் வந்தால் புதுச்சேரியில் என் மேசையில் எக்செல் கோப்புகள் குவிந்துவிடும். புள்ளியியல் ஆலோசனை என் தொழில். இந்த வாரம் வந்த கோப்போடு பொறுமை போய்விட்டது. கடலூர் முதுநகர் துறைமுகத்தின் மீன்வரத்துக் கணக்கு. மாணவர் துறைமுகத்துக்கே போகாத நாட்களில் எல்லாம் பூஜ்ஜியம். கேட்டால், "காலியாக விட்டால் நன்றாக இருக்காது, சார்."

ஒரு படகுக்கு மூன்று நாட்களில் 40, 50, 60 கிலோ. இரண்டு நாட்கள் பதிவே இல்லை. ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டங்களைச் சேர்க்காது. மூன்றால் வகுத்து 50 என்று சொல்லும். அவற்றில் பூஜ்ஜியத்தைத் தட்டினால் ஐந்தால் வகுத்து 30 என்று சொல்லும். வலையில் விழுந்த மீன் அப்படியே இருக்க, சராசரியில் 20 கிலோ காணாமல் போய்விட்டது! பூஜ்ஜியம் போட்டால் "போய்ப் பார்த்தேன், மீனே இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். பார்க்காத நாளுக்கு அதை எப்படி எழுதித் தருவீர்கள்?

மழைக்கணக்கில் இதே கூத்து தலைகீழாக நடக்கிறது. மழை இல்லாத நாளைக் காலியாக விடுகிறார்கள். அங்கே பூஜ்ஜியம்தான் வேண்டும். இல்லையென்றால் மே மாதத்திலும் கடலூரில் தினமும் கொட்டியதாகச் சராசரி வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதற்குமான தினசரி சராசரி வேண்டுமென்றால் அந்த நாட்களுக்குப் பூஜ்ஜியம் சரி. தொழிலுக்குப் போன நாட்களின் சராசரி என்றால் காலியாக விடுங்கள். இதை எக்செல் முடிவு செய்யாது. நெறியாளரைக் கேளுங்கள், அவர் போனை எடுத்தால்.

கட்டத்துக்குள் "45 கிலோ" என்று எழுதாதீர்கள். அது எழுத்தாகிவிடும், ஆவரேஜ் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அலகைத் தலைப்பில் எழுதுங்கள்.

திட்ட விலக்கத்துக்கு, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவுக்கு, மாதிரித் தரவு (மொத்தத்தில் சிலரிடம் மட்டும் எடுத்தது) என்றால் எஸ்டிடெவ்.எஸ் ஃபார்முலா. எஸ்டிடெவ்.பி முழுத்தொகுதிக்கு, அதாவது ஒருவர் விடாமல் எல்லோரிடமும் எடுத்த தரவுக்கு. பத்துப் பேரின் தரவில் இரண்டுக்கும் சுமார் 5 சதவீதம் வித்தியாசம் வரும்.

ஃபார்முலாவின் எல்லையை, அது எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை எடுக்கிறது என்பதை, கண்ணால் சரிபாருங்கள். ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி எடுத்தபோது 20 நாடுகளில் ஐந்து விட்டுப்போயிருந்தன. 2013இல் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர்.

தயவுசெய்து ஒவ்வொரு ஆவரேஜுக்கும் பக்கத்தில் அதே எல்லைக்கு, எண் உள்ள கட்டங்களை எண்ணிச் சொல்லும் ஒரு கவுண்ட் போடுங்கள். உங்கள் நோட்டில் உள்ள எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப்போன பிறகு கோப்பை அனுப்புங்கள். கடைசி நாள் இரவு அல்ல.